சுடாத கல்

எனக்கு வந்த நிணநீர்ப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடித்து, ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை என்று சொன்ன சித்திரையில், நானும் மனைவியும் தாடிக்கொம்புப் பெருமாளைக் கும்பிடப் போனோம். வெளிப்பிரகாரக் கல் கொதித்தது. வெறுங்காலோடு வந்த சனமெல்லாம் நிழலுக்கு நிழல் தாவி ஓடியது. நான் மட்டும் மாப்பிள்ளை நடையில் சுற்றி வந்தேன். யாரோ ஓர் அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பெருமாள் என்மேல் தனியாக ஒரு கண் வைத்திருக்கிறார் என்று எனக்கும் தலைக்கனம் வந்துவிட்டது.

வீட்டில் கால் கழுவும்போது மனைவி அலறினாள்.

"ஏங்க, உள்ளங்கால் பூரா கொப்புளம். வலிக்கலையா?"

வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கட்டியக் கரைச்ச மருந்துதான் நரம்பையும் கெடுத்திருக்கு," என்றார் டாக்டர். "லேசா மரத்துப்போறது நெறைய பேருக்கு வரும். சூடே தெரியாத அளவுக்குப் போறது அபூர்வம்."

"திரும்பி வருமா சார்?"

"வரலாம். உறுதியா சொல்ல முடியாது. அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க."

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன். ஜூனில் வேலைக்குத் திரும்புவதாக இருந்தேன். பிரேக்கை மிதித்தது தெரியாத காலை நம்பி யார் பிள்ளையை அனுப்புவார்கள்? நானே அனுப்ப மாட்டேன்.

முதுகிலிருந்து கால் விரல் வரை இழை இழையாக நரம்பு ஓடுகிறதாம், நுனிதான் முதலில் கெடுமாம். அப்பேர்ப்பட்ட ஒன்றை உடம்பில் வைத்துக்கொண்டு ஐம்பது வருடம் நினைத்துக்கூடப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். நினைக்க நினைக்க மலைப்பாக இருந்தது.

வாசலிலேயே செருப்பை விடச் சொல்லித் திட்டுகிறவள், வீட்டுக்குள் போட ஒரு ஜோடி வாங்கி வந்தாள். தினமும் காலையில் என் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜூன் வந்தது. வேனை வேறொருவர் ஓட்டினார்.

புரட்டாசிச் சனிக்கிழமை மறுபடி கோயிலுக்குப் போனோம். இரண்டு காலுக்கும் அவளே சாக்ஸ் மாட்டிவிட்டாள். பாதிச் சுற்றில் வலது பாதத்தில் ஏதோ சுருக்கென்றது. சாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாதத்தைக் கல்லில் வைத்தேன்.

"சுடுதுடி! கல்லு சுடுது!"

கோயிலே திரும்பிப் பார்த்தது. அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அய்யோ, கால் பொத்துப்போயிரும். நெழலுக்கு வாங்க."

"வாரேன், செத்த நேரம் இரு," என்று பிரேக்கை மிதிப்பதுபோல இன்னொரு தரம் அழுத்தினேன். சுட்டது. கண்ணீர் வழிய, எல்லோரையும்போல நானும் நிழலுக்கு ஓடினேன்.