பொது ஜெபத்தில் ஒரு கூடைப்பந்து ஆட்டம்

என் ஜெபத்துக்கு எங்கள் சபையில் ஒரு பேர் இருந்தது. "பாஸ்டர் ஜெபத்தைக் கேட்டா பேப்பர் வாங்க வேணாம்" என்பார்கள். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். பெங்களூரில் அல்சூர் பக்கத்தில் இருந்த எங்கள் தமிழ் ஆலயத்தில், ஞாயிறு பிரசங்கம் முடிந்து நான் கண்ணை மூடினால் புயல், தேர்தல், எல்லையில் சண்டை, பெட்ரோல் விலை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஆண்டவருடைய சமுகத்துக்குப் போகும். "அவருக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியாதா?" என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். "அவருக்குத் தெரியும், சபைக்குத் தெரிய வேண்டாமா?" என்றேன். என் வியாதி முழுவதும் அந்தப் பதிலில் இருந்தது. அப்போது அது எனக்குச் சாமர்த்தியமாகப் பட்டது.

இன்னொரு வித்தையும் என்னிடம் இருந்தது. போதகர்களுக்குள் அதை 'ஜெபத்தில் அடிப்பது' என்போம். நேரில் சொன்னால் சண்டைக்கு வருகிற ஆளிடம் ஜெபத்தில் சொல்லிவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கண் மூடியிருக்கிறது, தலை குனிந்திருக்கிறது, கடைசியில் ஆமென் வேறு சொல்லியாக வேண்டும். ஒரு சுவர் தகராறில் பேச்சுவார்த்தை அறுந்துபோன அண்ணன் தம்பி இருவரையும் ஒரே ஜெபத்தில் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லி, அன்று மத்தியானமே ஒரே வீட்டில் சாப்பிட வைத்திருக்கிறேன். அதிலிருந்து எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

கூடைப்பந்து என்னுடைய மூன்றாவது பலவீனம். கல்லூரியில் ஆடியவன் நான். இறையியல் படிக்கப் போனபோது உலகத்தை விட்டேன், பந்தை விடவில்லை. எங்கள் ஆலயத்துக்குக் கிட்டே ஒரு பெண்கள் கல்லூரியில் வாரம் ஒருமுறை வேதபாட வகுப்பு எடுப்பேன். வகுப்பு முடிந்தால் என் கால்கள் தாமாக மைதானத்துக்குப் போய்விடும். வெள்ளைக் காலர் கழுத்தை அறுக்க, கோட்டுக்கு வெளியே நின்று ரெஃப்ரியை நான் திட்டுகிற திட்டைக் கேட்டால் எங்கள் பிஷப் என்னை ஊழியத்தை விட்டே அனுப்பியிருப்பார். அணியின் கோச் ஒரு கன்னட அம்மாள். என்னை 'ஃபாதர்' என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் புராட்டஸ்டன்ட் என்று எடுத்துச் சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. நல்ல கோச்.

அந்த அணியில் எங்கள் சபைப் பெண் ஒருத்தி ஆடினாள். கடைசி வருடம் பி.காம். ஆள் குள்ளம். ஆனால் பந்து அவள் கைக்கு வந்துவிட்டால் எதிரணியின் நெட்டைப் பெண்கள் எல்லாம் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி நிற்பார்கள். அவளுடைய அப்பா தொழிற்சாலையில் வேலை, சபைக் கமிட்டியில் உறுப்பினர், ஆராதனையில் வேதம் வாசிப்பவர். தொம்மலூரில் வீடு. கண்டிப்பான மனிதர், ஆனால் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது.

நான் சொல்லப்போகிற ஆட்டத்துக்கு முந்தின வருடம் கன்னட நடிகர் ஒருவரை ஒரு தமிழ்க் கொள்ளைக்காரன் காட்டுக்குள் கடத்திக்கொண்டு போனான். பெங்களூர்த் தமிழர்கள் மாதக்கணக்கில் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம். பஸ்ஸில் தமிழ் பேசக்கூடப் பயந்தோம். தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரத்தில் கடைகள் எரிந்ததைப் பார்த்த சனங்கள் நாங்கள். அந்த மாதங்களில் நான் என்ன செய்தேன் தெரியுமா? நடிகரின் விடுதலைக்காக ஒவ்வொரு ஞாயிறும் கன்னடத்தில் ஜெபித்தேன். ஒலிபெருக்கியைத் தெருப்பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு ஜெபித்தேன். போகிறவர் வருகிறவர் காதில் விழ வேண்டாமா? சபையார் என் சமயோசிதத்தை மெச்சினார்கள். அந்த ஜெபம் தெருவுக்குப் போனது, பரலோகத்துக்குப் போனதா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை.

அந்தப் பயத்தில்தான் அப்பா மகளின் விளையாட்டை நிறுத்தினார். பிராக்டிஸ் முடிந்து இருட்டில் பஸ் ஏறி வருவது வேண்டாம் என்றார். இனி ஆடமாட்டேன் என்று அவளும் வேதத்தின் மேல் கை வைத்துச் சொன்னாள். நடிகர் பத்திரமாக வீடு திரும்பினார், ஊர் அடங்கியது. அப்பா தடையை எடுக்கவில்லை. அவள் மறுபடி மைதானத்துக்கு வந்தாள். அம்மாவுக்கு மட்டும் தெரியும். வீட்டில் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லிக்கொண்டார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளே சொன்னாள். ஜனவரி கடைசியில் ஒரு சாயங்காலம், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"ஐயா, அடுத்த வாரம் சனிக்கிழமை ஃபைனல்ஸ். ரயில்வே செலக்டர்ஸ் பாக்க வர்றாங்களாம். ஸ்போர்ட்ஸ் கோட்டால எடுத்தா வேலை ஐயா. எனக்காக ஜெபம் பண்ணிக்கோங்க."

"கண்டிப்பா."

"அப்பாவுக்குத் தெரியாது. வேலை கெடச்சதும் நானே சொல்லிடறேன். அப்ப திட்டினா திட்டட்டும்."

"சரிம்மா" என்றேன்.

மறந்துபோய் உளறிவிட்டேன் என்று சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். நான் மறக்கவில்லை. அந்த வாரச் சனிக்கிழமை இரவு வரை யோசித்தேன். இந்தப் பிள்ளை ஏன் திருடி மாதிரி ஆட வேண்டும்? சபையே சேர்ந்து அவளுக்காக நன்றி சொன்னால் அப்பா என்ன செய்துவிட முடியும்? பெருமைப்பட்டுத்தானே ஆக வேண்டும்? அண்ணன் தம்பியைச் சேர்த்து வைத்தவனுக்கு இது ஒரு பெரிய காரியமா? அவளைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஞாயிறு, குஜராத் பூகம்பம் நடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஆலயம் நிறைந்திருந்தது. இடிபாடுகளுக்கு அடியில் இன்னும் உயிரோடு கிடப்பவர்களுக்காக ஜெபித்தேன். அழுதுகொண்டுதான் ஜெபித்தேன், அது பொய்யில்லை. பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. சபை முழுவதும் என் கைக்குள் வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. அந்தக் கண்ணீர் காய்வதற்குள் அடுத்த வாக்கியத்துக்குத் தாவினேன். அவள் பேரைச் சொல்லி, எங்கள் சபையின் மகள் வருகிற சனிக்கிழமை கல்லூரி அணிக்காக இறுதி ஆட்டம் ஆடுகிறாள், அவளுக்கு நீர் கொடுத்த தாலந்துக்காக ஸ்தோத்திரம், அவளைப் பெற்றவர்களுக்காக ஸ்தோத்திரம் என்றேன். மண்ணுக்கு அடியில் கிடந்தவர்களை விட்டுவிட்டு கூடைப்பந்து மைதானத்துக்கு வந்துவிட்டேன். சபை ஆமென் என்றது. அப்பாவின் ஆமென் தனியாக, சத்தமாகக் கேட்டது. காரியம் முடிந்தது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

வாசலில் அவர் என் கையைக் குலுக்கினார். "நல்ல ஜெபம் ஐயா" என்றார். அவரைச் சுற்றி நாலைந்து பேர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் சிரித்துத் தலையாட்டினார். அம்மாவும் மகளும் கொஞ்சம் தள்ளி, கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார்கள். மகள் என் பக்கம் திரும்பவில்லை. கூச்சம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "அந்தப் பொண்ணு சொல்லச் சொன்னாளா?"

"நல்லதுதானே நடக்கப் போகுது?"

"நான் கேட்டது அது இல்ல" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். வார்ம்-அப்பில் அவள் இல்லை. ஆட்டம் தொடங்கியும் இல்லை. கோச் என்னிடம் வந்தார்.

"ஃபாதர், எல்லி, எங்க நம்ம பொண்ணு? திங்கள்லேருந்து காலேஜுக்கே வரல. போன் பண்ணா அவங்க அப்பா எடுக்கறார், 'அவ ஆடமாட்டா' அப்படின்னு வெச்சிடறார். யாரோ அவருக்குச் சொல்லிட்டிருக்காங்க."

அந்த யாரோ நான்தான் என்று சொல்லவில்லை. "அப்படியா?" என்று கேட்டேன். ஊழியத்தில் நான் சொன்ன பொய்களில் அந்த ஒரு வார்த்தைதான் மிகச் சின்னது, மிகக் கேவலமானது. அணி தோற்றது. அன்று ரெஃப்ரியை நான் ஒன்றும் சொல்லவில்லை. ரயில்வேக்காரர்கள் எதிரணிப் பெண் ஒருத்தியின் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ஆராதனை முடிந்து தொம்மலூருக்குப் போனேன். பேசிச் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கை அப்போதும் இருந்தது. அப்பா என்னை உட்கார வைத்தார், காபிக்குச் சொன்னார். மனைவியிடம் நேராகப் பேசாமல் மகள் மூலமாகத்தான் பேசினார். "உங்கம்மாகிட்ட சக்கரை கம்மியா போடச் சொல்லு" என்றார்.

"உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன் ஐயா. விளையாட்டு பாவம்னு நான் சொல்லல. வேதத்து மேல கை வச்சுச் சொல்லிட்டு ரெண்டு பேரும் சேந்து என்னை ஏமாத்தியிருக்காங்க. சபையே கை குலுக்குது, எனக்கு என்ன விஷயம்னே தெரியல. பல்லைக் காட்டிட்டு நின்னேன். போகட்டும். ஆண்டவர் உங்க வாயால வெளியே கொண்டுவந்துட்டார்."

"அது ஆண்டவர் இல்லங்க, நான்" என்றேன்.

"நீங்க ஜெபத்துல தானே சொன்னீங்க?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. விசுவாசத்தோடு கேட்டார். அந்த ஜெபம் ஆண்டவரிடம் பேசியதே இல்லை, உங்களை மடக்கப் பேசியது என்று சொல்ல வேண்டும். சொன்னால், மற்ற ஞாயிறுகளில் நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று அவர் கேட்கலாம். காபியைக் குடித்தேன். வாய் வெந்தது.

கிளம்பும்போது, "ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க ஐயா" என்றார். போதகர் வீட்டுக்கு வந்தால் ஜெபிக்காமல் போவது வழக்கமில்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள். பெண் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டாள். நான் கண்ணை மூடியதும் வாக்கியம் தயாராக வந்து நின்றது: 'இந்தத் தகப்பனுடைய இருதயத்தை இளகச் செய்யும்.' மறுபடியும் அடிக்கப் போகிறேன். சொல்ல வாயெடுத்தவன் ஏனோ கண்ணைத் திறந்தேன். அவளும் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். கோபம் இல்லை. இந்த ஆள் அடுத்து என்ன சொல்லப் போகிறானோ என்று என் வாயையே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வீட்டை ஆசீர்வதியும், ஆமென் என்று முடித்தேன். "அவ்வளவுதானா ஐயா?" என்றார் அப்பா, கொஞ்சம் ஏமாற்றமாக.

கேட்டைத் திறந்துவிட அவள் வந்தாள். "மன்னிச்சிடும்மா" என்றேன்.

"பரவால்ல ஐயா." தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணு கேக்கட்டுமா? இனிமே எனக்காக ஜெபம் பண்ணாதீங்க. சபையிலயும் வேணாம், தனியாவும் வேணாம்."

மரியாதையாகத்தான் கேட்டாள். ஒரு போதகனிடம் இதைக் கேட்கிறோமே என்ற சங்கடம்கூட அவள் குரலில் இருந்தது. சரி என்று தலையை ஆட்டினேன். சீக்கிரம் அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்று ஸ்கூட்டரை உதைத்தேன். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தேன், மறுபடியும். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கியர்ல போடுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அவள் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் வந்து தள்ளினாள். நல்ல பலம் அந்தக் கைகளில். நாலு எட்டில் வண்டி உயிர் பெற்று ஓடியது. எந்த முகத்தோடு திரும்பிப் பார்ப்பது? தெருமுனை வரை நேராகப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.