இரண்டு படகுகளிலும் இல்லாதவள்

இரண்டாவது படகு எங்கள் இறங்குதுறையில் வந்து அணைந்தபோது பின்னேரம் நான்கு மணி இருபது நிமிடம். களத்துக்குப் போன படகுகள் திரும்பும் நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதுவது என் வேலை என்பதால் அந்த நேரம் மனதில் அப்படியே நிற்கிறது. முதலாவது படகில் கொழும்பிலிருந்து வந்த விருந்தினர்கள் இறங்கி, சேற்றுக் காலைக் கழுவி, தேநீர் குடித்து, வாகனம் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். மகள் அதில் வரவில்லை. இரண்டாவதில் வருவாள் என்று நின்றேன். அதிலிருந்து எங்கள் ஆட்கள் ஐந்து பேர் இறங்கினார்கள். பிறகு நாற்றுத் தட்டுகள் வந்தன. கடைசியாக, விருந்தினர்களுக்காகக் கட்டியிருந்த பதாகை நான்காக மடித்தபடி வந்தது. "ஒருவரும் விடுபடாத வேலைத்தளம்" என்று அதில் இருந்த தமிழ் வரி நான் எழுதியது.

"மகள் எங்க தம்பி?" என்று இறங்கியவர்களில் ஒருவரான இணைப்பாளரைக் கேட்டேன்.

"அவ முதல் போட்லயே வந்திட்டா தானே மிஸ்? விருந்தாக்களோட படம் எடுத்துக்கொண்டு நிண்டவ."

நான் கைபேசியை எடுத்து அவளுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். களத்தில் எல்லாருடைய கைபேசிகளையும் நனையாமல் ஒரு நீல வாளிக்குள் போட்டு மூடிப் படகிலேயே வைப்பது எங்கள் வழக்கம். அந்த வாளி என் காலடியில் இருந்தது. அது அதிர்ந்தது.

மகளுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. தாவரவியல் படித்தவள். களப்பின் உப்புநீர்ச் சேற்றில் வளரும் கண்டல் காடுகளை மீட்கும் எங்கள் சிறிய நிறுவனத்தில், நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன, எத்தனை பட்டுப்போயின என்று எண்ணிப் பதிவது அவள் வேலை. பன்மைத்துவம், சமவாய்ப்பு, எல்லோரையும் உள்வாங்கல் என்று ஒரு கொள்கை ஆவணம் மேலிடத்திலிருந்து வந்தபோது, அதை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியவள் நான். அதன் பிறகுதான் அவளுக்கு நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. தகுதியால்தான் அவளை எடுத்தார்கள். ஆனாலும் அலுவலகத்தில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது, இவள் உன் மகள் என்பதால்தானே என்று சொல்வதுபோல் எனக்குப் படும். அதனால் அவளுக்காக வாய் திறந்து எதையும் கேட்க மாட்டேன். கேட்க வேண்டியதையெல்லாம் எனக்குப் பதிலாக ராத்தாதான் கேட்டார்.

ராத்தா என்றால் கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவை அழைக்கும் சொல். குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்த அந்தக் கள அலுவலரை எங்கள் அலுவலகத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாருமே ராத்தா என்றுதான் அழைத்தோம். அவரைவிட ஐந்து வயது மூத்த முகாமையாளர்கூட அப்படித்தான். களப்பில் எந்த இடத்தில் கால் புதையும், எந்த இடத்தில் முதலை வெயில் காயும் என்பதெல்லாம் அவருக்கு வீட்டு முற்றம் மாதிரி. ஏழு மணித்தியாலம் களத்தில் நிற்கும் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லாமல், எல்லாரும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே போய்வந்துகொண்டிருந்தார்கள். ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் எழுந்து அதைச் சொன்னது அவர்தான். "கண்டல் கண்டெல்லாம் தண்ணிக்குள்ள நிக்கிது சேர். அதப் பாக்கப் போற நாங்கதான் தண்ணி குடிக்காம நிக்கிறம்." கூட்டம் சிரித்தது. மறு மாதமே ஒரு மறைப்புக் கூடாரம் வாங்கினார்கள். பெண்களின் காலுக்கு ஏற்ற அளவில் சப்பாத்துகளும் அவர் சண்டை பிடித்து வாங்கியவைதான்.

மகளின் முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் இறங்குதுறையில் நின்று, வெயில், தண்ணீர், மாத்திரை, முதலை, வழுக்கும் வேர் என்று ஒவ்வொன்றாக ராத்தாவிடம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மிஸ், நீங்க புள்ளைய வேலைக்கு அனுப்புறீங்களா, ஆஸ்பத்திரிக்கு அனுப்புறீங்களா?" என்றார். படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று மகள் கையால் கேட்டாள். நான் மழுப்பினேன். ஆறே மாதத்தில் ராத்தா அவளுடைய சைகைகளைப் பழகிக்கொண்டார். முகாமையாளருக்கு இருவரும் ஒரு சைகை வைத்திருந்தார்கள், மூக்கிலிருந்து வழுக்கும் கண்ணாடியை ஒற்றை விரலால் ஏற்றிவிடுவது. அவர் வாசலில் தென்பட்டதும் இரண்டு விரல்கள் ஒரே நேரத்தில் மூக்குக்குப் போகும். "எனக்கு இப்ப ரெண்டரைப் பாஷை மிஸ். சிங்களம் அரை, தமிழ் ஒண்டு, உங்கட மகள்ட பாஷை ஒண்டு" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். பெற்ற எனக்கு அதில் சந்தோசத்தோடு சின்னப் பொறாமையும் இருந்தது.

களத்தில் புறப்படும் நேரம் வந்தால் மூன்று முறை விசில் ஊதுவார்கள். சேற்றுத் திட்டுகளில் சிதறி நிற்பவர்கள் அதைக் கேட்டுப் படகுக்கு வருவார்கள். மகளுக்கு விசில் இல்லை. ராத்தா நடந்து போய் அவள் தோளில் கை வைப்பார். அவ்வளவுதான். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டிய ஒன்றாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதற்கு முந்தைய வருடம் ராத்தாவின் கணவர் திடீரென்று மௌத்தானார். கணவனை இழந்தவர் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து அவர் திரும்பி வருமுன், அலுவலகத்தில் அவரைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. பாவம், இனியும் வெயிலிலும் சேற்றிலும் அலைய விடலாமா என்றார்கள். ஊர் என்ன சொல்லும் என்றார்கள். மின்விசிறிக்குக் கீழே ஒரு கதிரை கொடுப்போம் என்று முடிவாகியது. எல்லாருமே நல்ல மனதோடுதான் பேசினோம், நானும்தான். "தங்களது தற்போதைய நிலைமையைக் கருத்திற்கொண்டு வெளிக்களப் பணியிலிருந்து விடுவித்து" என்ற கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான். ஒரு நல்ல காரியம் செய்வதாகவே நினைத்தேன். ராத்தா வந்தார், கடிதத்தை இரண்டு முறை வாசித்தார், பன்னிரண்டு நாள் அந்தக் கதிரையில் இருந்தார். பதின்மூன்றாம் நாள் வரவில்லை. நான் ஒரு தொலைபேசி அழைப்புக்கூட எடுக்கவில்லை. அவருடைய பொறுப்புகளை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் பட்டியலையும் நான்தான் தயாரித்தேன். அதில் அளவுகோல், இலக்கத் தகடுகள், விசில், சப்பாத்துகள் எல்லாம் இருந்தன.

அதன் பிறகு மகளின் தோளைத் தட்ட ஒரு சக ஊழியை இருந்தாள். அன்று விருந்தினர்களுக்குச் சிங்களத்தில் விளக்கம் சொல்ல அந்தச் சக ஊழியையை முதலாவது படகில் ஏற்றிவிட்டார்கள். படம் பிடித்து முடிந்ததும் மகள் விட்ட இடத்திலிருந்து எண்ணப் போயிருக்கிறாள். பிறகு யாரோ விசில் ஊதினார்கள்.

நான்கு முப்பத்தைந்துக்கு இணைப்பாளரும் படகோட்டியும் திரும்பப் புறப்பட்டார்கள். அக்கரைக்கு நாற்பது நிமிடம். மற்றவர்களை நான்தான் வீட்டுக்கு அனுப்பினேன். ஒருவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. வடகிழக்கில் மழை கறுத்துக்கொண்டு வந்தது. ராத்தாவின் ஊரான குறிஞ்சாக்கேணியிலிருந்து அந்தத் திட்டுகளுக்குப் பத்து நிமிடம் போதும் என்பது எனக்குத் தெரியும். ராத்தாவின் இலக்கம் என் கைபேசியில் இருந்தது. அதைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். அந்தக் கடிதத்துக்குப் பிறகு எந்த முகத்தோடு கேட்பது? மகள் முதலைகள் இருக்கும் களப்பில் தனியாக நிற்கிறாள், நான் என் வெட்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஐந்து முப்பத்தைந்துக்கு இணைப்பாளர் அழைத்தார். "இங்க காணேல்ல மிஸ். ரெண்டு திட்டிலயும் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அடைச்சுப்போச்சு."

"ஆரைக் கூப்பிட்டனீங்கள்?"

"மகளைத்தான் மிஸ்."

"தம்பி, அவவுக்குக் காது கேக்காது."

"ஐயோ கடவுளே" என்றார். மூன்று வருடம் அவளோடு வேலை செய்த பிள்ளை அவர். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

அந்த அழைப்பைத் துண்டித்த கையோடு ராத்தாவுக்கு எடுத்தேன். நலம் விசாரிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அழுகையோடு விடயத்தைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எண்ணி முடிச்சிட்டாவா, நடுவுலயா?"

"நடுவிலதான் போல ராத்தா."

"அப்ப மூணாம் திட்டுக்குப் பின்பக்கம். கண்டு பட்டுப்போற இடம் அதான். எண்ணுறத அவ நடுவுல விடமாட்டா. எண்ட தம்பிட தோணி கரையில கிடக்கு, நான் போறன். நீங்க போன வைங்க."

ஆறு மணிக்கு, தினமும் போல, கணவர் கட்டாரிலிருந்து அழைத்தார். அவருடைய படம் திரையில் மினுங்கி மினுங்கி அணைந்தது. நான் எடுக்கவில்லை. தொலைவில் இருக்கும் மனிதரையும் சேர்த்து இந்தப் பயத்துக்குள் இழுக்க விருப்பமில்லை என்று அப்போது நினைத்தேன். உண்மையில், நீதானே அவளை அங்கே சேர்த்தாய் என்று அவர் கேட்டுவிடுவார் என்ற பயம். முதல் துளிகள் இறங்குதுறைப் பலகையில் விழுந்தன. அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பின் கரையில் என்னைத் தவிர ஒருவருமே இல்லாததுபோல் இருந்தது.

ஆறு பத்துக்கு ராத்தாவின் குரல் வந்தது. "புள்ள இரிக்கா. ரோட்டால கூட்டிட்டு வாறன்." அவ்வளவுதான் சொன்னார்.

நான் உள்ளே போய் என் மேசையில் இருந்தேன். நிறுவனத்தின் தலைப்புத் தாள் ஒன்றை எடுத்து, மகளின் பெயரில் வேலை விலகல் கடிதம் எழுதத் தொடங்கினேன். வரிகள் தடங்கலின்றி வந்தன. இப்படிப்பட்ட கடிதங்கள் எழுதிப் பழகிய கை. அவள் கையொப்பம் வைக்கும் இடத்தைப் புள்ளிக் கோடாக விட்டு முடிக்கும்போது வாசலில் ஓட்டோ நின்றது.

மகள் இடுப்புவரை சேறாக இறங்கினாள். பின்னால், அபாயாவின் கீழ்ப்பாதி நனைந்து சேறு அப்பியிருக்க, ராத்தா. நான் ஓடிப் போய் மகளின் இரண்டு கைகளையும் பிடித்து என் நெஞ்சோடு வைத்து அழுதேன். விடவே இல்லை. அவள் கைகள் குளிர்ந்துபோயிருந்தன. அவள் நழுவ முயல முயல நான் இறுக்கிக்கொண்டே போனேன்.

ராத்தா மேசையில் கிடந்த தாளைப் பார்த்தார். குனிந்து வாசித்தார்.

"இத அவட்ட கேட்டா எழுதின?"

நான் தாளைப் பார்க்காமல் மகளின் கைகளையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் இப்படித்தான் ஒண்டு வந்த. என்னட்டயும் ஒருத்தரும் கேக்கல்ல." குரலில் கோபம் இல்லை, களைப்பு மட்டும் இருந்தது. பிறகு எங்கள் பக்கம் வந்து, என் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்தார்.

"மொதல்ல புள்ளட கைய விடுங்க மிஸ். அவ எவ்வளவு நேரமா கதைக்கப் பாக்கிறா."