இடது கண்ணில் ஒரு புள்ளி

என் வீட்டுக்காரர் போன பிறகு, அவர் முகம் என்று எங்களிடம் ஒரே ஒரு படம்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தபின் யாரோ கைபேசியில் எடுத்தது. கண் மூடியிருந்தது. நான் கூட்டிப் பெருக்குகிற போட்டோ ஸ்டுடியோவில் படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்கிற டச்சப் அண்ணனிடம் மட்டும் அதை ஒருநாள் காட்டினேன். "எனக்கு அனுப்பி வைம்மா" என்றார். பிறகு ஒருநாள், விளக்கு சரியாக விழுகிறதா பார்க்க வேண்டும் என்று என் மகளை உட்கார வைத்துப் படம் எடுத்தார். அடுத்த வாரம் என் துடைப்பத்துக்குப் பக்கத்தில், செய்தித்தாளில் சுற்றி ஏதோ இருந்தது. பிரித்தேன். சட்டத்துக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் கண் திறந்து என்னைப் பார்த்தார்.

மகளுக்கு அப்பாவின் கண். அதை எடுத்துத்தான் பொருத்தியிருக்கிறார். நன்றி சொல்லப் போனால், "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டார்.

அவருடைய வேலையே அதுதான். கண்மூடிய முகங்களைக் கொண்டு வருவார்கள், இவர் திறந்து கொடுப்பார். "ரத்த சொந்தத்தோட கண்ணுதான் ஒட்டும் தங்கச்சி. வேற கண்ணை வச்சா அந்த முகம் ஏத்துக்காது" என்பார்.

ஸ்டுடியோவில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். முதலாளி ஆல்பம் பார்ப்பதும் அதில்தான். அண்ணனின் மனைவி, எங்கள் அண்ணி, கவுண்டரில் கூட்டம் இல்லாத நேரத்தில் பில் போடுவதும் அதில்தான். அண்ணி அதிகம் பேசமாட்டார். இடது கண்ணின் வெள்ளையில் கடுகு போல ஒரு பழுப்புப் புள்ளி இருக்கும். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒரு மத்தியானம் மேசைக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்தேன். அண்ணி சாப்பிடப் போயிருந்தார். நிமிர்ந்தால், அண்ணன் பார்த்துக்கொண்டிருந்த திரையில் ஒரு பெண் பிள்ளை. கல்லூரிக்குப் போகிற வயசு.

"யாருண்ணே இது?"

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. பிறகு மெல்லச் சொன்னார். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டது. அண்ணி மயக்கத்தில் இருந்தார், முகத்தைப் பார்க்கவே இல்லை. தெளிந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "படம் கிடம் எடுத்திருந்தா எரிச்சிடுங்க. அதைப் பார்த்தா நான் உயிரோட இருக்கமாட்டேன்." எரித்துவிட்டேன் என்று இவர் சொல்லிவிட்டார். எரிக்கவில்லை. அந்தப் படத்தில் கண்ணைத் திறந்து, பிறந்த நாள் வரும்போதெல்லாம் அவளை ஒரு வயசு வளர்த்துக்கொண்டே வந்திருக்கிறார். அதற்கப்புறம் அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

"அண்ணி இதே மிஷின்லதானே உக்கார்றாங்க?"

"மறைச்சு வைக்க ஒரு டிக் இருக்கும்மா. அதைப் போட்டா உள்ள இருக்கும், ஆனா தெரியாது."

"கடவுள் மாதிரியா?"

"ஆமா. ஆனா இது கூப்பிட்டா உடனே வந்துடும்" என்று சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, நான் இவளுக்குக் கம்மல் போடவே இல்லை. இப்ப பாரு, காதுல கம்மல் இருக்கு. வகிடும் மாறியிருக்கு. யார்கிட்ட போய்ச் சொல்ல?"

 பிள்ளையின் வாய் மூடியே இருந்தது. சிரிக்கிற மாதிரி செய்யக்கூடாதா என்று கேட்டேன். "சிரிப்பை யார்கிட்ட கடன் வாங்குவேன்?" என்றார். அன்று முதல் என் பிரார்த்தனையில் பெயரில்லாத அந்தப் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டேன். அதோடு, அண்ணி கண்ணில் அது படவே கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன்.

அப்புறம் முதலாளி ஜன்னலில் பெரிய திரை ஒன்று மாட்டினார். கம்ப்யூட்டரில் உள்ள முகமெல்லாம் ஒவ்வொன்றாக வந்துபோகும்படி செய்தார். காணாமல் போன ஆல்பம் ஒன்றைத் தேட, மறைத்து வைத்ததையும் காட்டு என்று அவர் எப்போதோ மாற்றி வைத்திருந்தது யாருக்கும் நினைவில்லை.

மறுநாள் காலை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணிக்குப் பின்னால் ஒரு குழந்தை கண் திறந்திருந்தது. துணியை ஒருமுறை இழுத்தேன், அது உட்கார்ந்தது. இன்னொருமுறை இழுத்தேன், பல் விழுந்த சிறுமி. நான் துடைக்கத் துடைக்க அவள் வளர்ந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை.

பக்கத்துக் கடை தையல்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "நம்ம அண்ணி சின்ன வயசுல எடுத்ததா? அந்தக் கண்ணுப் புள்ளியப் பாரேன்!"

திரும்பினால், பின்னால் அண்ணி நிற்கிறார். அவருக்குப் பின்னால் சாப்பாட்டுப் பையோடு அண்ணன். பை கீழே விழுந்தது.

"ஆண்டவனே, இந்த ஒரு உயிரை விட்டுடு" என்று என் வாய் முணுமுணுத்தது.

முதலாளி உள்ளேயிருந்து வந்தார். "என் மிஷின்ல எனக்குத் தெரியாம ஒரு பொண்ணு குடியிருக்காளா? அட்வான்ஸ் கூடக் கொடுக்காம?" என்றார். யாரும் சிரிக்காததைப் பார்த்து உள்ளே போய்விட்டார்.

அண்ணன் அழுதுகொண்டே, "எரிக்க மனசு வரலை. மன்னிச்சிடு" என்றார்.

"தெரியும்" என்றார் அண்ணி. "எப்பவோ பில் தேடுறப்ப, வெளுத்துப்போய் ஒரு ஃபோல்டர் தெரிஞ்சுது. மத்ததெல்லாம் பளிச்சுனு இருக்க, அது மட்டும் ஆவி மாதிரி. திறந்து பார்த்தேன். செத்துடலை. கம்மல் போட்டது நான்தான். தலை வாரினதும் நான்தான்."

"உனக்கெப்படி..."

"இத்தனை வருஷம் உங்க முதுகுக்குப் பின்னாடி உக்காந்திருக்கேன். ஒரு கம்மல் வைக்கத் தெரியாதா?"

அண்ணனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அந்த நேரத்தில் ஜன்னலில் கடைசிப் படம் வந்தது. அதே கம்மல், அதே வகிடு. பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சிரிப்பு நல்லா வச்சிருக்கீங்க" என்றார் அண்ணி.

அண்ணன் திரையையே பார்த்தார். "நான் வைக்கலையே. நீ வச்சதுன்னு நினைச்சேன்."

முதலாளியைக் கேட்டோம். அவருக்குப் படத்தை நிமிர்த்தித் திருப்பத்தான் தெரியும்.  வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்க் கும்பிட்டேன்.

அண்ணனுக்குப் பார்வை மங்கியதும் இருவரும் வேலையை விட்டுவிட்டு அண்ணியின் தங்கை ஊருக்குப் புறப்பட்டார்கள். படங்களைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டார்கள். இங்கிருந்து அழிக்க அண்ணிக்கு மனம் வரவில்லை. மறைத்து வைக்கிற டிக்கை மட்டும் அண்ணன் எடுத்துவிட்டார்.

வாசலில் அண்ணி பைகளோடு நிற்க, அண்ணன் ஜன்னல் பக்கம் ஒருமுறை போய்விட்டு என்னிடம் வந்தார்.

"கண்ணாடி துடைக்கிறப்ப அவ முகம் வந்தா அழுத்தித் துடைக்காதே தங்கச்சி. முழிச்சிட்டிருப்பா."