அகராதி அண்ணனும் ஒரு திருத்தத் தாளும்

நூலகத்தில் சந்தேகம் கேட்பவர்களுக்கு வழிசொல்லும் மேசையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்த அண்ணனை நாங்கள் அகராதி என்றுதான் கூப்பிடுவோம். எதைக் கேட்டாலும் அலமாரி எண்ணைத் தூக்கத்தில்கூடச் சொல்வார். 'தெரியாது' என்பதைத் தவிர எல்லாச் சொல்லும் அவரிடம் இருந்தது. படித்தது வரலாறு.

சட்டம் படித்த நான் வேலைக்குச் சேர்ந்ததும், சட்டக் கேள்விகளை என்னிடம் அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. அண்ணனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"புத்தகம் எடுத்துக் கொடுக்கப் பட்டம் எதுக்கு வக்கீலம்மா? கண்ணு தெரிஞ்சா போதாதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு அவரிடம் முகம்கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

ஒருநாள் தையல்கார அம்மா ஒருத்தர் வந்தார். சட்டையில் குண்டூசிகள் வரிசையாகக் குத்தியிருந்தன.

"வீட்டைக் காலி பண்ணச் சொல்லிப் போன வாரம் தீர்ப்பு வந்துடுச்சுங்க. அப்பீல் பண்ண எத்தனை நாள் இருக்கு?"

அண்ணன் வாடகைச் சட்டப் புத்தகத்தைப் புரட்டி, வரியில் விரல் வைத்துக் காட்டினார். "தொண்ணூறு நாள். பதறாதீங்கம்மா. காகிதமெல்லாம் சேர்த்துக்கிட்டு நிதானமா வக்கீலைப் பாருங்க."

சட்டத்தைத் திருத்தி, தொண்ணூறு நாள் முப்பதாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்தத் திருத்தத் தாள் என் மேசைக் கோப்பில் இருந்தது. சட்டம் படித்தவர்கள் முதலில் கோப்பைப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தைத் திறப்பார்கள். அண்ணனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

நான் நாலடி தள்ளித்தான் இருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. பட்டால்தான் தெரியும் இவருக்கு என்று நினைத்தபடி அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். இதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா மறுபடியும் வந்தார். சத்தம் போடவில்லை.

"நாள் தாண்டிடுச்சாம். நாளைக்குக் காலி பண்றோம். இனிமே யார் கேட்டாலும் சரியாச் சொல்லுங்க, அதுக்குத்தான் வந்தேன்."

அண்ணன் எழுந்து நின்றார். "தப்பு என்னுதும்மா. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்." அவரிடம் இல்லாதிருந்த அந்தச் சொல் ஒருவழியாக அவர் வாயில் வந்தது.

அந்த அம்மா போனதும் என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு நீ இங்கதானே இருந்தே?"

"கவனிக்கலண்ணே."

"அதானே. காதுல விழுந்திருந்தா நீ சொல்லாமலா இருந்திருப்பே."

பிறகு ஓய்வு பெறும்வரை, சட்டம் கேட்டு யார் வந்தாலும் அவரே எழுந்து என் மேசைவரை கூட்டிவருவார். "இவங்ககிட்ட கேளுங்க, நம்பிக் கேக்கலாம்" என்பார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கோப்பைத் திறப்பேன்.