காசிலிங்கம் டைரக்ட் கொடுத்த கார்

திருநெல்வேலி வண்ணார்பேட்டை பைபாஸ் ரோட்டில் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு அடுத்த ஷெட் காசிலிங்கத்துடையது. வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவன். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைத்திருந்தால் இவன் டெஸ்ட் லைட் வைத்திருப்பான். ஒரு சின்ன பல்பு, இரண்டு வயர், ஒன்றின் நுனியில் ஊசி. ஊசியை வண்டி வயருக்குள் குத்துவான். பல்பு எரிந்தால் கரண்ட் வருகிறது, எரியாவிட்டால் வரவில்லை. இதைத் தவிர உலகத்தில் மூன்றாவது சங்கதி கிடையாது என்பது அவன் கட்சி.

கரண்ட் வராத இடத்துக்குப் பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்துத் தொட்டுப் பார்ப்பான். அதற்கு டைரக்ட் கொடுப்பது என்று பெயர். ஹாரன் அடிக்கவில்லையா, டைரக்ட். ஃபேன் சுற்றவில்லையா, டைரக்ட். சுற்றினால் கோளாறு வயரில், சுற்றாவிட்டால் ஃபேனில். அம்பாசிடரிலிருந்து லாரி வரைக்கும் இந்த ஒரே வைத்தியம்தான். வாய் நீளம், மூக்குக்கு மேல் கோபம். ஆனால் அவன் ஷெட்டுக்கு வந்த வண்டி ஓடாமல் வெளியே போனதில்லை. அந்தத் திமிர் அவன் நடையிலேயே தெரியும்.

தொண்ணூற்றெட்டில் மேலப்பாளையம் நூர்முகம்மது பாய் துபாயை விட்டு ஊரோடு வந்து சேர்ந்தார். வேலை செய்த இடத்தில் இரும்பு விழுந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பின்னாலேயே கப்பலில் ஒரு ஜெர்மன் கார் வந்தது. பார்த்தவர்கள் பவுசு என்றார்கள். பவுசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்தக் காரில் இடது காலால் மிதிக்கிற கிளட்ச் கிடையாது, வலது கால் ஒன்றே போதும். நம்ம ஊரில் ஓடிய எந்தக் காரையும் அவரால் ஓட்ட முடியாது, இதை ஓட்டலாம். கொல்லைக்குப் போகக்கூட மனைவி மைதீன் பாத்திமாவைக் கூப்பிட வேண்டியிருந்த மனுஷர், காரில் ஏறிவிட்டால் தனியாகச் சீவலப்பேரி வரை போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வருவார். வருகிற வழியில் என் கடை முன்னால் நிறுத்துவார்.

"ஒருத்தர்ட்டயும் கேக்காம போயிட்டு வாரேன் அண்ணாச்சி. அதுக்குத்தான் இந்தக் காரு," என்பார். அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

மறு வருஷம் ஐப்பசி மழையில் ஒரு நாள் கார் கிளம்பவில்லை. விளக்கு எரிகிறது, பாட்டு பாடுகிறது, சாவியைத் திருப்பினால் இஞ்சின் மட்டும் அசையவில்லை. காசிலிங்கத்தோடு நானும் பாய் வீட்டுக்கு வேடிக்கை பார்க்கப் போனேன். அவன் குத்தாத வயர் பாக்கி இல்லை. கடைசியில் டேஷ்போர்டுக்கு அடியில் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போகும் இரண்டு மெல்லிய வயர்களைப் பிடித்தான். காருக்குள் அங்கங்கே இருந்த சின்னச் சின்ன எலக்ட்ரானிக் பெட்டிகளுக்கெல்லாம் அவை போய்க்கொண்டிருந்தன. ஊசியைக் குத்தினான். பல்பு எரியவில்லை.

"இதுல கரண்ட் வரல பாய். ஆனா இது எதுக்குப் போற வயருன்னு வெளங்கல. பைய பாப்போம்," என்றான். அந்த அவசரக்காரன் வாயிலிருந்து 'பைய' என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.

பாய்க்குப் பொறுக்கவில்லை. "இன்னும் எத்தன நாளு வே நான் ஒவ்வொண்ணுக்கும் ஆளக் கூப்பிட்டுக்கிட்டு கெடக்க? எப்பவும் போல டைரக்ட் குடும் வே!"

பேட்டரி இறங்கிவிடாமலிருக்க அதில் சார்ஜர் மாட்டியிருந்தது, அதனால் கரண்ட் வழக்கத்தைவிட ஜாஸ்தி. காசிலிங்கம் அதைக் கழற்றாமலே ஒரு வயரை இழுத்து வந்து அந்த மெல்லிய வயரில் தொட்டான். சின்னதாக ஒரு பொறி. புகை இல்லை, வாடை இல்லை. அதுவரை எரிந்துகொண்டிருந்த மீட்டர் விளக்குகள் எல்லாம் அணைந்துபோயின.

கொச்சியில் தானியேல் என்று ஒரு மெக்கானிக், நாகர்கோவில்காரர், துபாயில் இந்த மாதிரிக் கார்களைப் பார்த்தவர். என் கடைப் போனிலிருந்து காசிலிங்கம் அவரிடம் பேசினான். பக்கத்தில் நின்ற எனக்கும் அவர் குரல் கேட்டது.

"அது கரண்ட் கொண்டு போற வயரு இல்ல அண்ணே. பெட்டிங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற வயரு. இஞ்சின் பெட்டி, கியர் பெட்டி, சாவிப் பெட்டி எல்லாம் அதுலதான் சேதி சொல்லும். பேட்டரியக் கழட்டிட்டு ரெண்டு வயருக்கும் நடுவுல ஓம் மீட்டர வச்சுப் பாருங்க. அறுபது காட்டுனா வயரு நல்லாருக்கு. நூத்தியிருபது காட்டுனா நடுவுல எங்கயோ அறுந்து கெடக்கு."

"டைரக்ட் குடுத்தா?" என்று கேட்டான் காசிலிங்கம்.

தானியேல் திருப்பிக் கேட்டார்: "குடுத்துட்டீங்களா?"

மீட்டரை என் கடையிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போனான். நூற்றியிருபது காட்டியது. தரை விரிப்பைப் பிரித்துக்கொண்டே போய் இடத்தைக் கண்டுபிடித்தான். முன் சீட்டுக்கு அடியில் எலி ஒரு வயரைக் கடித்திருந்தது. அவ்வளவுதான் கோளாறு. ஒட்டி, ஒரு இஞ்சு டேப் சுற்றினால் தீர்ந்தது. ஒட்டினான், சுற்றினான், மீட்டர் அறுபது காட்டியது. பேசுவதற்குப் பாதை சரியாகிவிட்டது. பேச வேண்டிய பெட்டிகள் செத்துக் கிடந்தன.

லாரியில் ஏற்றிக் கொச்சிக்குக் கொண்டுபோனார்கள். புதுப் பெட்டி போட்டால் சாவியோடு அதைப் பழக்க ஒரு மெஷின் வேண்டுமாம். அது தானியேலிடம் இல்லை, மெட்ராஸில் கேட்டும் இல்லை. போன லாரியிலேயே கார் திரும்பி வந்தது.

காசிலிங்கம் பாய் முன்னால் போய் நின்றான். "எலி கடிச்சது ஒரு வயருதான் பாய். பெட்டியக் கொன்னது நான்."

"நீரு பைய பாப்போம்னுதான வே சொன்னீரு. நாந்தான் கேக்கல," என்றார் பாய். அவன் இதைக் கேட்டு ஆறவும் இல்லை, அவர் இதைச் சொல்லி ஆறவும் இல்லை. 

மாசியில் பாய் வீட்டில் மகள் நிக்காஹ். வாசலில் பந்தல் போட அங்கே கிடந்த காரை எடுத்தாக வேண்டும். தெருமுனையில் ஒரு தறிக்கூடம் காலியாகக் கிடந்தது, அங்கே தள்ளிவிடலாம் என்றார்கள். காசிலிங்கம், நான், பந்தல்காரர்கள் இரண்டு பேர் பின்னால் நின்றோம். ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் தேடினால், பாய் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து தானே ஏறி உட்கார்ந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். கண்ணாடியைக்கூடச் சரிபண்ணிக்கொண்டார்.

தள்ளினோம். இஞ்சின் ஓடாவிட்டால் ஸ்டியரிங் கல் மாதிரி இருக்கும். இரண்டு கையாலும் மல்லுக்கட்டித் திருப்பினார். தறிக்கூடம் வந்தது. பாய் பிரேக்கை மிதிக்கவில்லை, வண்டி அதைத் தாண்டி மெதுவாகப் போய் நின்றது.

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். காசிலிங்கத்தின் முகத்தை அவர் பார்க்கவில்லை, ரோட்டைத்தான் பார்த்தார்.

"காசிலிங்கம், இன்னும் ஒரு தெரு தள்ளுவீரா?"

காசிலிங்கம் தலையைக் குனிந்து, டிக்கியில் தோளைக் கொடுத்தான்.