மண்ணெண்ணெயில் ஊறிய ரப்பர்

என் மகள் இந்தக் கதையைப் பிழையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவள் கதையில் நான் நல்லவன். என்ன நடந்தது என்று நானே எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னியில், செவன் ஹில்ஸில் ஒரு கராஜில் மெக்கானிக்காக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மனைவி, ஆறு வயது மகளோடு பிளாக்டவுனில் வாடகை வீடு. முதலாளி ஒரு இங்கிலாந்துக்காரர், வயது போனவர். வேலை தருகிறேன் என்று அவர் எழுதிக்கொடுத்த கடிதத்தைக் காட்டித்தான் எனக்கு விசா கிடைத்தது. அவர் என்னை வேலையிலிருந்து நிற்பாட்டினால் எங்கள் மூன்று பேரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நம்பினேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் அதுவே அவர்களுக்கு ஞாபகப்படுத்திவிடும் என்று பயம்.

கராஜில் ஒரு கறுப்புக் கார் கட்டைகளின் மேல் ஏற்றி வைத்தபடி நின்றது. இங்கிலாந்தில் செய்த பழைய ஆடம்பர வண்டி. உள்ளே வால்நட் மரப் பலகை, தோல் இருக்கை. கொழும்பில் அந்த மாதிரி வண்டியில் தோட்டத்துத் துரைமாரும் மந்திரிமாரும்தான் போனார்கள். நாங்கள் தெருவோரம் நின்று பார்த்தோம். சிட்னியில் அதைப் பழசாக வாங்கி வைத்திருந்தவர் எங்கள் ஆள், ஒரு டொக்டர். ஏன் வாங்கினார் என்று எனக்கு விளங்கும். துரையின் இருக்கையில் ஒருக்கா இருந்து பார்க்க ஆசை.

முதலாளி அந்த வண்டி செய்த தொழிற்சாலையில்தான் தொழில் பழகியவர். அதன் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினால் கையிலிருக்கும் தேத்தண்ணி ஆறிவிடும். குதிரை வண்டிக்குக் கூடு கட்டிய குடும்பம். பேரன் காலத்தில் கார். யுத்தத்தில் விமானத்துக்குச் சாமான் செய்தார்கள், பிறகு மறுபடியும் கார். செய்து முடித்த ஒவ்வொரு வண்டியையும் ஒரு ஆள் மலைப்பாதையில் கொண்டுபோய் இறக்குவாராம். பிரேக் பிடிக்கிறது என்று பதிவில் அவர் கையெழுத்து வைத்தால்தான் வண்டி வெளியே போகும். பிறகு ஒரு பெரிய கூட்டுக் கம்பனி அந்தக் குடும்பத்தின் தொழிற்சாலையை விழுங்கியது. முதலில் அவர்கள் நிற்பாட்டியது அந்தக் கையெழுத்து ஆளைத்தான். அதைச் சொல்லும்போது முதலாளி தரையில் துப்புவார்.

"ஓடாத காரால் யாரும் சாவதில்லை. நிற்காத காரால்தான் சாவார்கள்" என்பார்.

டொக்டரின் காரில் பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்து போயிருந்தது. சின்னச் சாமான், ஒரு போத்தல் மூடி அளவு. ஆனால் அந்தக் காலத்து வண்டியில் நாலு சில்லுக்கும் அந்த ஒரு சிலிண்டர்தான். புதுக் கப் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். அங்கே ஸ்ட்ரைக். மூன்று மாதமாக வரவில்லை. வரும்வரை தொடாதே என்று சொல்லிவிட்டு, முதலாளி காய்ச்சலில் வீட்டில் படுத்துவிட்டார்.

டொக்டர் வந்தார்.

"என்ன தம்பி, இன்னும் கட்டையிலையோ நிக்குது?"

"சாமான் வரேல்லை டொக்டர்."

"யாழ்ப்பாணத்திலை சாமான் வந்தோ கார் ஓடினது? நீர் அங்கை வேலை செய்தனீர்தானே? இஞ்சை வந்து வெள்ளைக்காரன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறீர்!"

சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சுட்டது.

அவர் சொன்னது உண்மை. ஊரில் இறக்குமதித் தடை. எந்தச் சாமானும் இல்லை. தேய்ந்த கப்பை மண்ணெண்ணெயில் போட்டு வைப்போம். ரப்பர் ஊறிப் பெருத்துவிடும். திரும்பப் போட்டால் சிலிண்டரில் இறுக்கமாக நிற்கும், பெடல் புதுசு போலப் பிடிக்கும். யாழ்ப்பாணம் முழுக்க அப்படித்தான் ஓடியது. ஆனால் ஊறிய ரப்பர் நாளாக நாளாக இளகிக் கிழிந்து போகும். யாழ்ப்பாணத்தில் ஒரு மேடு கிடையாது. இருபத்தைந்து மைலுக்கு மேல் யாரும் ஓடுவதில்லை, பிரேக் விட்டால் வேலியில் சாத்தி நிற்பாட்டலாம். இங்கே அப்படியா? எனக்குத் தெரியும். தெரிந்துதான் டொக்டரின் காருக்கும் அதையே செய்தேன். அந்தாளுக்குக் காட்டவேண்டும் என்ற வீம்பு. கராஜ் பதிவிலும் பிரேக் சரி என்று கையெழுத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் டொக்டர் காரை எடுக்க வந்தார். பெடலை மிதித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீரே! இதுதான் எங்கடை ஆக்களின்ரை மூளை. நாளைக்குக் குடும்பமாய்க் கட்டூம்பா போறம். மலையிலை ஒருக்கா இழுத்துப் பாக்கவேணும்."

நான் நினைத்தது அவர் ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும் ஓட்டுவார் என்று. மலையில் ஏறும்போது பிரேக் தேவையில்லை. இறங்கும்போது வளைவுக்கு வளைவு மிதிக்கவேண்டும்.

"மெதுவாய்ப் போங்கோ டொக்டர்" என்றேன்.

"ஏன், உம்மடை கைவேலையிலை உமக்கே நம்பிக்கை இல்லையோ?"

"இருக்கு."

அவ்வளவுதான் சொன்னேன். மண்ணெண்ணெய் விஷயத்தைச் சொன்னால் முதலாளிக்குத் தெரியவரும், வேலை போகும், பிறகு ஊருக்கு விமானம். டொக்டர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். நாலு பேர். புதுசாய்ப் போட்டதுதானே, ஒரு நாளைக்குத் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வீட்டுக்குப் போய் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை கராஜில் அரை நாள் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் சத்தமே இல்லை. மனைவி குசினியில் நின்றாள்.

"எங்கை பிள்ளை?"

"டொக்டர் வீட்டுக்காரர் வந்து ஏத்திக்கொண்டு போட்டினம், மலை பாக்க. அவையின்ரை பிள்ளையளுக்கு விளையாட ஆளில்லையாம். கேட்டவை, விட்டனான்."

"எந்தக் காரிலை?"

"வேறை எந்தக் கார்? நீங்கள் திருத்தினதிலைதான். பின்சீற்றிலை ராசாத்தி மாதிரி இருந்து கை காட்டிக்கொண்டு போனாள்!"

பாட்டா செருப்போடு எங்கள் பழைய ஸ்டேஷன் வாகனில் ஏறினேன். மனைவி வாசலில் நின்று என்ன என்ன என்று கத்தியது கேட்டது.

மலைக்கு ஏறும் அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றி எழுத எனக்குச் சொல் வராது. எதிரே இறங்கிவந்த ஒவ்வொரு கறுப்புக் காரிலும் மகளைத் தேடினேன். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் பொலிஸ் வண்டி நின்றது. யாருக்கோ டயர் காற்றுப் போயிருந்தது, அவ்வளவுதான். முருகா, முருகா என்றேன். அந்த நேரம் முருகனைக் கூப்பிட எனக்கு என்ன யோக்கியதை?

கார் பள்ளத்தாக்குப் பார்க்கும் இடத்தில் நின்றது. அவர்கள் புல்லில் துணி விரித்து இடியப்பமும் பற்றிசும் சாப்பிட்டு முடித்து, வெளிக்கிட அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பாவும் வந்திட்டார்!" என்று மகள் ஓடிவந்தாள்.

"என்ன தம்பி, திருத்தினதுக்கு வொரண்டியும் குடுக்க மலை வரைக்கும் வந்தனீரோ?" என்றார் டொக்டர்.

நான் சாவியைக் கேட்டு வாங்கி ஏறிப் பெடலை மிதித்தேன். முதலில் பிடித்தது. பிறகு அழுகின பழத்தை மிதித்த மாதிரி மெல்ல மெல்லத் தரைக்குப் போனது. திரும்ப மிதித்தேன். நேரே தரை.

இறங்கி எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டரின் மனைவிதான் கேட்டார்.

"நேற்றே தெரியுமோ?"

"ஓம்."

"நேற்று நாலு பேர் எண்டாப் பரவாயில்லை. இண்டைக்கு உம்மடை பிள்ளை எண்டவுடனை ஓடி வந்திட்டீர். என்ன?"

அவ்வளவு பேரும் என் வாகனில் ஏறினார்கள். தாழ்ந்த கியரில் இறங்கினேன். பிள்ளைகள் மட்டும் பாட்டுப் பாடினார்கள்.

திங்கட்கிழமை முதலாளியிடம் சொன்னேன். காரை இழுத்துவந்து சிலிண்டரைக் கழற்றினார். கப் துண்டு துண்டாக வந்தது. ஒரு துண்டை மூக்கில் பிடித்தார்.

"மண்ணெண்ணெயா?"

"ஓம்."

"உன் கையெழுத்தை நம்பித்தான் நான் வீட்டில் படுத்திருந்தேன்" என்றார். அன்றே என்னை நிற்பாட்டினார். அவர் செய்தது சரி.

பிறகு ஒரு மாதம் கதவு தட்டப்படும்போதெல்லாம் எங்களைத் திருப்பி அனுப்பத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். யாரும் வரவில்லை. கடைசியில் தாங்காமல் குடிவரவு அலுவலகத்துக்கு நானே போய்க் கேட்டேன். அங்கே இருந்த பெண் கடவுச்சீட்டைத் திறந்து பார்த்தாள். "நிரந்தர வதிவிடம். எங்கே வேலை செய்வது என்பது உங்கள் விருப்பம். அடுத்த ஆள்" என்றாள். ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த ஒரு நிமிடக் கேள்வியைக் கேட்கப் பயந்துதான் நாலு பேரை மலைக்கு அனுப்பினேன்.

மகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். கொண்டாட்டம் எதிலும் அவள் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. "எனக்காக அப்பா மலைக்கே ஓடி வந்தவர்" என்பாள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் எழும்பி வெளியே போய்விடுவேன்.

அவளுக்காகத்தான் ஓடினேன். அது உண்மை. மற்ற நாலு பேருக்காக நான் வீட்டில் இருந்து சோறு தின்றேன்.