நோர்வூட் சரிவில் கிலுகிலுப்பை

பங்குனி மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை ஆறு மணிக்கு மாத்தளையில் ரயில் ஏறினேன். நோர்வூட் அருகே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கும் என் மகள் பவானியை வீட்டுக்கு அழைத்துவரப் போனேன். போன ஆடி மழையில் பள்ளிக்கூடத்தின் பின்சுவர்மேல் மலை சரிந்தது. இடுப்புவரை மண்ணில் புதைந்திருந்த அவளைத் தோண்டி எடுத்தார்கள். தேறியதும் அங்கேயே திரும்பிப் போய்விட்டாள். மழைச் சத்தம் கேட்டால் இன்னும் பயந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

ஒரு மணிக்கு ஹட்டன். அங்கிருந்து நோர்வூட் எட்டு மைல். பஸ்ஸுக்கு நாற்பது சதம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணிக்கடை முதலாளி விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

“டீச்சரையா? நல்லா வருவாங்க!”

மூன்று மணிக்கு மேடேறினேன். சரிந்த மலை முழுவதும் மஞ்சள். இடுப்புயரத்துக்குக் கிலுகிலுப்பை, அவரைப்பூவின் சாயலில் பூத்து நின்றது. புல்வெளிகளில் தானே முளைக்கும் இந்தச் செடியைத் தோட்டங்களில் பசளைக்கென்று விதைப்பார்கள். பூத்ததும் வெட்டித் தேயிலைக்கு அடியில் புதைப்பது வழக்கம். ஓராண்டுச் செடி; விதை விழாவிட்டால் அதோடு சரி.

செடிகளுக்கு முன்னால் பவானியும் கொழுந்து பறிக்கும் பெண்களும் நின்றார்கள். எதிரே வேலையை மேற்பார்க்கும் கங்காணியும் கத்தி பிடித்த ஆட்களும்.

“முத்தினா தண்டு வெறகாயிடும், டீச்சரம்மா. தோட்டத்துத் தொரை உத்தரவு” என்றார் கங்காணி.

“இப்ப வெட்டினா மழைக்கு இந்தச் சரிவு மொட்டையா நிக்கும். விதை விழட்டுங்க. ஒரு மாசம்தானே?”

“ஒரம் அவசரம்னா ஒங்க மீசைய வெட்டிப் பொதைங்க, கங்காணியாரே!” என்றாள் பெண்களில் ஒருத்தியான ராக்கம்மா, கூடையை இறக்காமலே.

ஆடியில் என்னைப் பார்த்திருந்த கங்காணி என் பக்கம் திரும்பினார். “ஐயா படிச்சவங்க. மகளுக்குப் புத்தி சொல்லிக் கூட்டிட்டுப் போங்க.”

அதற்குத்தானே வந்திருந்தேன். ஆனால் சரிவுக்குக் கீழே பள்ளிக்கூடத்துக்குள் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் பிள்ளையை நான் கொண்டுபோய்விடலாம். இவர்களை?

பயம்தான். போய்ப் பவானியின் பக்கத்தில் நின்றேன்.

“வெட்டுறதுன்னா என் காலையும் சேர்த்து வெட்டுங்க.”

“நாளைக்குப் பெரட்டுல தொரைகிட்டயே பேசிக்குங்க” என்று கங்காணி ஆட்களை அழைத்துக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நானே துரையிடம் பேசினேன். அவர் “பார்க்கலாம்” என்று மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். பதில் வரும்வரை அந்த மலையில் யாரையும் கத்தி வைக்க விடுவதில்லை என்று பெண்கள் முடிவு செய்தார்கள்.

பத்து மணி பஸ்ஸில் தனியாகத் திரும்பினேன். மாத்தளையில் மனைவி இரண்டு பேருக்குச் சோறு வைத்துக் காத்திருப்பாள். பயம் போய்விட்டது என்று அவளிடம் பொய் சொல்லமாட்டேன். வைகாசியில் மழை பிடிக்கும்போது நாம் இருவரும் அங்கே இருக்கவேண்டும், துணி எடுத்து வை என்றுதான் சொல்லப்போகிறேன்.